வெயில் மேல் போட்ட பழி

"வெயில் உங்களுக்கு ஒத்துக்காதும்மா. பேசாம ஆபீஸ்லயே உக்காந்துடுங்க."

சொன்னவர் எங்கள் மேனேஜர். சொன்ன இடம், அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் ஏசி அறை. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பார்க்கிற மாதிரி அன்று என் முகமும் இல்லை. இமைகள் வீங்கி, கன்னம் இரண்டும் சிவந்து தடித்து, கழுத்தெல்லாம் பொடிப் பொடியாகக் கொப்புளம். சிரித்தால்கூடத் தோல் இழுத்தது. நல்லவேளை, சிரிக்கிற மாதிரி யாரும் எதுவும் சொல்லவில்லை.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சோலார் கம்பெனியில் சைட் இன்ஜினியர். தொழிற்சாலைகளின் தகரக் கூரை மேல் ஏறி, பேனல் எந்தப் பக்கம் சாய வேண்டும், ஒயர் எந்த வழியாக இறங்க வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. எங்கள் கம்பெனியில் கூரை ஏறுகிற பெண் நான் ஒருத்திதான்.

ஒரு சோலார் இன்ஜினியரைப் பார்த்து வெயில் ஒத்துக்காது என்று சொல்வது, மீன் விற்கிறவரைப் பார்த்து உனக்கு மீன் வாடை ஆகாது என்று சொல்வதைப் போல. வேலையை விட்டுப் போ என்பதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அதுவும் யாரைப் பார்த்து?

என் அப்பா கொத்தனார். என் அம்மா சித்தாள். அப்பா இறந்த பிறகும் அம்மா அந்த வேலையை விடவில்லை. இன்றைக்கு எங்கள் மேனாம்பேட்டில் நீங்கள் பார்க்கிற அடுக்குமாடிகளில் பாதிக்கு அம்மா செங்கல் சுமந்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறி, கல்லூரிப் படியும் ஏறியவள் நான்தான் முதல். ஆனால் வெயிலில் நின்றவர்கள்? எல்லோருமே! எங்கள் தாத்தா, அவருடைய தாத்தா, அத்தனை பேரும் வெயிலிலேயே நின்று வெயிலிலேயே சோறு தின்றவர்கள். அந்த வம்சத்துக்கு வெயில் அலர்ஜியாம்!

சரி, முகத்துக்கு என்ன ஆனது?

அதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு க்ரீம் டியூபிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்குக் கூரை வேலை கிடைத்த அன்று அம்மா நேராக அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள். "வெயில்ல போறவங்க பூசிக்குவாங்களே, அந்த க்ரீம் குடும்மா" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. டியூபில் ஒரு சூரியனும், அதை மறைத்துக்கொண்டு ஒரு பச்சை இலையும் போட்டிருந்தது. கடைப் பெண் "எல்லா ஸ்கின்னுக்கும் போடலாம் ஆன்ட்டி" என்றதும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நீ இவ்வளவு வருஷம் வெயில்ல நின்னியே, ஒரு தடவையாச்சும் பூசினியா?" என்று கேட்டேன்.

"எனக்கு இனிமே இன்னாத்துக்குடி? என் மூஞ்சி மாரி உன் மூஞ்சி ஆவக் கூடாது. அவ்ளோதான்."

முதல் சில வாரம் ஒன்றும் ஆகவில்லை. நல்ல வாசனை. கூரை மேல் தார் நாற்றத்துக்கும் துருநாற்றத்துக்கும் நடுவில் என்னைச் சுற்றி மட்டும் ரோஜாத் தோட்டம். பிறகு லேசாக அரிப்பு. பிறகு சிவப்பு. பிறகு வீக்கம்.

அறிவுரை சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? அத்தனை பேரும் ஒரே அறிவுரையைத்தான் சொன்னார்கள். "வெயில்தான்மா. க்ரீமை இன்னும் கெட்டியாப் போடு!"

போட்டேன். காலையில் போட்டதைத் திரும்ப மதியம் போட்டேன். மருந்துக் கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு ஆயின்ட்மென்ட் எடுத்துக் கொடுத்தார். அதைப் பூசினால் மந்திரம் போட்ட மாதிரி அடங்கியது. விட்டதும் முன்னைவிட ஆங்காரமாக வந்தது. பிறகுதான் தெரிந்தது, அது ஸ்டீராய்டு. முகத்துக்கு அதை இஷ்டத்துக்குப் பூசக் கூடாது. முறுக்கு பாக்கெட் எடுத்துக் கொடுப்பது போல எடுத்துக் கொடுத்தார் மனிதர்!

எங்கள் டீமில் ஃபிட்டர் ரஃபி அண்ணன் இருக்கிறார். பூந்தமல்லிக்காரர். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். அவருடைய கண்டுபிடிப்பு வேறு.

"இன்னா தங்கச்சி, இப்டி கீது மூஞ்சி? கண்ணு பட்டுச்சும்மா. கூரை மேல பொண்ணு நிக்கிதுன்னு ரோட்ல போற அத்தினி பேரும் அண்ணாந்து பாக்கறான். படாம இன்னா பண்ணும்?"

அந்த நிலைமையில்தான் மேனேஜர் கூப்பிட்டு, நான் மேலே எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னார். கூரையிலிருந்து இறக்கி, மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். பில் சரிபார்க்கும் வேலை.

இப்போது ஒரு கேள்வி. ஏசி அறை. ஜன்னலுக்குத் திரை. ஒரு துளி வெயில் கிடையாது. ஆனாலும் முகம் எரிந்தது. ஏன்?

ஏனென்றால் நான் க்ரீம் போடுவதை நிறுத்தவில்லை. டியூப் லைட் வெளிச்சத்துக்கும் போட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். ஆபீஸில் எல்லோரும் பாடி ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வருகிறார்களே என்று நானும் ஒன்று வாங்கிக் கழுத்தில் அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் பில்லைப் பார்த்துக்கொண்டே கழுத்தைச் சொறிந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. பேனல் வரிசை ஒன்றில் கரண்ட் வரவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்ப்போம். எதைக் கழற்றினால் சரியாகிறதோ, அங்கேதான் கோளாறு. அதை விட்டுவிட்டு "வெயில் சரியில்லை" என்று ரிப்போர்ட் எழுதினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் முகத்துக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து அந்த ரிப்போர்ட்டைத்தான் எழுதியிருந்தார்கள்!

தோல் டாக்டரிடம் போனேன். நிதானமான பெண்மணி. "வீட்டுல உடம்புல படற எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார். ஒரு கட்டைப் பை நிறையக் கொண்டுபோனேன். சன்ஸ்கிரீன், பாடி ஸ்ப்ரே, சோப்பு, ஷாம்பூ, பவுடர், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்.

மேசை மேல் வரிசையாக வைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "பின்னாடி இருக்கறதைப் படிங்க. எல்லாத்துலயும் பொதுவா ஒரு வார்த்தை இருக்கும்."

எறும்பு எழுத்து. கண்ணை இடுக்கிப் படித்தேன். வாயில் நுழையாத பெயர்களுக்கு நடுவே ஒன்று மட்டும் சுலபமாக நுழைந்தது. பெர்ஃப்யூம். இன்னொன்றில் ஃப்ராகரன்ஸ். வாசனை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு டாக்டர்?"

"நிறைய இருக்கலாம். வாசனை தர்ற பொருள் பலது சேர்ந்தது. எது எதுன்னு முழுசாச் சொல்லாம இந்த ஒரே பேர்ல போட்டுடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணப் பத்திரிகையில் "மாப்பிள்ளை: ஒருவர்" என்று மட்டும் அச்சடித்தால் பெண் வீட்டார் சும்மா இருப்பார்களா? என் முகத்தோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை குடித்தனம் நடத்தப் போகிற பொருள். அதன் பெயரைக்கூட எனக்குச் சொல்ல மாட்டார்களா?

வாசனைப் பொருள் மட்டுமில்லை, சன்ஸ்கிரீனில் வெயிலைத் தடுக்கச் சேர்க்கிற ரசாயனங்களில் சிலவும் சிலருக்கு ஒத்துக்காமல் போகலாம் என்றார் டாக்டர். முதல் நாளே காட்ட வேண்டும் என்று இல்லை. பூசப் பூச உடம்பு ஒருநாள் அதை எதிரியாக்கிக்கொள்ளுமாம். "இத்தனை நாள் போட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்று நாம் சொல்வோமே, அதற்கு அர்த்தமே இல்லை.

"தோல் பரிசோதனை செய்யப்பட்டது"ன்னு டியூப்ல போட்டிருக்கே டாக்டர் என்றேன்.

"யாரோட தோல்ல? உங்களோடதுலயா?" என்றார்.

எல்லாவற்றையும் நிறுத்தினேன். வாசனையே இல்லாத ஒரு சோப்பு, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, வெறும் தேங்காய் எண்ணெய். முகம் மெல்ல மெல்ல இறங்கியது. கன்னம் கன்னமாகத் தெரிந்தது.

இதைப் பார்த்து யார் சந்தோஷப்பட்டார் தெரியுமா? மேனேஜர்!

"பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே. வெயிலை விட்டதும் சரியாயிடுச்சு!"

எனக்கு மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து... வேண்டாம், இது குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை.

க்ரீமை விட்டதால் சார் என்றேன். அவர் காதில் ஏறவில்லை. திருமழிசையில் ஒரு பெரிய ஃபேக்டரியின் கூரை வேலை வந்திருந்தது. எங்கள் கம்பெனி இதுவரை செய்ததிலேயே பெரிது. அளவெடுத்ததிலிருந்து வரைபடம் வரை ஆரம்ப வேலை முழுக்க என்னுடையது. அந்த சைட்டுக்கு யார் பொறுப்பு என்று திங்கட்கிழமை முடிவு செய்யப் போவதாகச் சொன்னார். "உங்க பேர் போட ஆசைதான். ஆனா ஹெல்த்..." என்று இழுத்தார்.

"டாக்டர் ரிப்போர்ட் கொண்டுவந்தா?"

"வெயில் இல்லன்னு எழுதிக் கொடுத்தா பார்க்கலாம்."

அன்றைக்கே டாக்டரிடம் ஓடினேன். பேட்ச் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. சந்தேகப்படுகிற பொருள்களை ஒவ்வொரு சொட்டாகச் சின்னச் சின்ன வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டிவிடுவார்கள். எந்த வில்லைக்குக் கீழே சிவக்கிறதோ அதுதான் திருடன். நாங்கள் பேனல் வரிசையைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கிற அதே முறை!

சனிக்கிழமை ஒட்டினார்கள். திங்கட்கிழமை காலை எடுத்துவிட்டு முதல் தடவை பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் ஓரிரு தடவை பார்த்துத்தான் முடிவாகச் சொல்வார்கள் என்றாலும், திங்கட்கிழமை தெரிகிறதையாவது எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கக் கூடாது.

"குளிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்று வீட்டில் சொன்னேன்.

"ஆடி மாசத்துல குளிக்காத ஊட்ல சுத்துவியா?" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். ஆனால் ஒப்புக்கொண்டாள். படித்த பெண் சொல்கிறாள், அதுவும் டாக்டர் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கி அலறல், வேப்பிலைத் தோரணம், பம்பைச் சத்தம். நான் வீட்டு வாசலில் விசிறியோடு நின்றுகொண்டிருந்தேன். வியர்க்கக் கூடாதே! தெருவில் கரகம் வந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் தலையில்... தடாலென்று... ஒரு குடம் மஞ்சள் தண்ணீர்!

உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை. வேப்பிலையோடு.

திரும்பிப் பார்த்தேன். காலிக் குடத்தோடு அம்மா. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ஆத்தா, என் பொண்ணு மூஞ்சியில இருக்கறத எல்லாம் நீயே எடுத்துக்கோ!"

"அம்மா! முதுகு! தண்ணி படக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"குளிக்கக் கூடாதுன்னுதானேடி சொன்னே?"

"ஆமா!"

"இது குளியலா? இது மஞ்சத் தண்ணி! ஆத்தாவோட தீர்த்தம்! டாக்டர் இத்த ஊத்தக் கூடாதுன்னா சொன்னாங்க?"

சொல்லவில்லைதான். எந்த டாக்டருக்குச் சொல்லத் தோன்றும்?

அம்மா எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள். முகம் இறங்கியதிலிருந்து அந்த வேண்டுதலை நிறைவேற்றக் காத்திருக்கிறாள். அது தெரிந்த பிறகு எப்படிக் கத்துவது? ஆனாலும் கத்தினேன். ஈரப் புடவைக்காரிகள் நாலு பேர் என்னைப் பார்த்து, "இன்னாடி, ஆத்தா தண்ணிக்கு இம்மாங் கோவம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை டாக்டர் என் முதுகைப் பார்த்தார். பாதி வில்லை உரிந்து தொங்கியது. மீதி இடம் மாறியிருந்தது. முதுகு முழுக்க மஞ்சள்.

"இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதேம்மா."

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்த ஆடியில நீங்க ரெண்டாவது ஆள்" என்றார். முதுகு தேறட்டும், ஆடி முடியட்டும், திரும்ப ஒட்டலாம் என்றார்.

ஆடி முடிகிறவரை திருமழிசை காத்திருக்குமா?

நான் டாக்டரிடம் கேட்டேன்: "க்ரீம் எதுவும் போடாம கூரை ஏறட்டுமா? அந்த வெயில்ல திரும்ப வந்தா வெயில்னு ஒத்துக்கறேன். வரலன்னா?"

முகம் நன்றாக ஆறிவிட்டதால் சரி, ஆனால் வெறும் முகத்தோடு நிற்கக் கூடாது என்றார். முழுக்கை காட்டன் சட்டை, கழுத்து மூடிய காலர், அகலமான விளிம்பு வைத்த தொப்பி. சிவந்தால் உடனே இறங்கி வந்துவிட வேண்டும்.

மேனேஜர் அறைக்குப் போனேன். ரஃபி அண்ணன் ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"ரிப்போர்ட்?"

"மஞ்சத் தண்ணியில போயிடுச்சு சார்."

ரஃபி அண்ணன் புரை ஏறுகிற மாதிரி சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை.

"பாருங்கம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்குக் கல்யாணம் ஆகணும். பொண்ணுக்கு முகம் முக்கியம் இல்லையா?"

போன மாதம் வேறொரு சைட்டில் கூரையிலிருந்து விழுந்த ஒரு பையனுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். அவனிடம் யாராவது கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்களா?

"சார், இந்த வாரம் மட்டும் என்னைத் திருமழிசைக்கு அனுப்புங்க. க்ரீம் இல்லாம ஏறுறேன். முகம் தடிச்சா நானே எழுதிக் கொடுத்துட்டு அந்த நாற்காலியில உக்காந்துடறேன். தடிக்கலன்னா சைட் என்னோடது."

அவர் மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். ரஃபி அண்ணன் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஏறட்டும் சார். இவங்க அம்மா எங்க தெருவுல ஊடு கட்டச்சொல்லோ பாத்துருக்கேன். வெயில் இன்னா இவங்களுக்குப் புதுசா?"

மேனேஜர் சரி என்றார். சந்தோஷமாக இல்லை, சரி என்றார்.

மறுநாள் காலை. முழுக்கைச் சட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கட்டட வேலைக்குப் போகிற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்று போட்டிருப்பார்கள். அம்மா போட்டது அப்பாவின் சட்டை. சாயம் போய், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன காட்டன். எடுத்துப் போட்டுக்கொண்டேன். அளவு கச்சிதம்.

அம்மா அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

"அத்தக் கழட்டு."

"டாக்டர்தான் சொன்னாங்கம்மா. முழுக்கை, காட்டன்..."

"டாக்டர் சட்டைன்னு தானே சொன்னாங்க? இந்தச் சட்டைய சொன்னாங்களா?"

"இதுல வாசனை கிடையாது, சாயம் கிடையாது. புதுசுல என்ன இருக்கோ யாருக்குத் தெரியும்?"

"கழட்டுடி!" அம்மாவின் குரல் உடைந்தது. "நீ இந்தச் சட்டைய போடக் கூடாதுன்னுதான் நான் இத்த இம்மாம் வருசம் போட்டேன். இத்தப் போட்டுக்கினு போறதுக்கா உன்ன படிக்க வச்சேன்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "இன்னைக்குப் போகலன்னா இனிமே எப்பவும் போக முடியாதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

வாசல் வரை வந்தாள். கம்பெனி அடையாள அட்டை சட்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வெளியே இழுத்துப் போட்டு, நேராக்கினாள்.

"இது வெளிய தெரியட்டும்."

திருமழிசையில் ஃபேக்டரி வாசலில் செக்யூரிட்டி என் சட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "சித்தாள்லாம் பின் கேட்டும்மா" என்றார். அட்டையைக் காட்டினேன். "சாரி மேடம், சாரி மேடம்" என்று பதறிக் கதவைத் திறந்தார். அம்மா எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாள் பாருங்கள்! உள்ளே போன பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அதே வெயில், அதே கட்டடம், சித்தாளுக்கு மட்டும் எதற்கு ஒரு பின் கேட்?

ஏறினேன். தகரம் தோசைக் கல்லாகக் காய்ந்தது. பேனல் தாங்கும் சட்டங்களுக்கு இடம் குறித்தபடி அன்று முழுக்க நின்றேன். மறுநாளும். அதற்கு மறுநாளும். இறங்கும் ஒவ்வொரு முறையும் ரஃபி அண்ணன் வண்டிக் கண்ணாடியைத் திருப்பிக் காட்டுவார். "பாத்துக்கோ தங்கச்சி. அப்டியே கீது."

அப்படியேதான் இருந்தது. கறுத்திருந்தது, அது வேறு. கறுப்பது நோய் இல்லை.

ஆடி முடிந்தது. இரண்டாவது முறை முதுகில் ஒட்டினார்கள். இந்த முறை அம்மா எனக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்புகூடக் கொண்டுவரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி துணி உதறினால்கூட, "ஏய், தள்ளிப் போய் உதறு, எம் பொண்ணுக்கு முதுகுல பரிச்சை நடக்குது" என்று விரட்டினாள்.

பரீட்சையில் இரண்டு பேர் மாட்டினார்கள். ஒன்று, வாசனைக் கலவை. இன்னொன்று, என் சன்ஸ்கிரீனில் வெயிலைத் தடுப்பதற்காகவே சேர்த்திருந்த ரசாயனம். வெயில் ஒத்துக்கொள்வதற்காகப் பூசியதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை!

அம்மா டியூபைக் கையில் எடுத்து அந்த இலைப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இலை போட்டிருந்துச்சேடி..." என்றாள். அந்த ஒரு வார்த்தையில் வந்த கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. படிக்கத் தெரியாதவள் படத்தை நம்பினாள். படிக்கத் தெரிந்த எனக்கு மட்டும் பின்பக்கத்தில் என்ன கிடைத்தது? "வாசனை" என்ற ஒற்றை வார்த்தை! எழுத்துத் தெரியாதவளை முன்பக்கத்திலும் தெரிந்தவளைப் பின்பக்கத்திலும் ஏமாற்றுகிற சாமர்த்தியம் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது?

க்ரீம் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் செய்தேன். தேன் மாதிரி பேசினார் ஒரு பெண். "உங்களோடது சென்சிடிவ் ஸ்கின் மேம்." பார்த்தீர்களா? மேனேஜருக்கு என் உடம்பு சரியில்லை. க்ரீம் கம்பெனிக்கு என் தோல் சரியில்லை. டியூபில் "எல்லாச் சருமத்துக்கும்" என்று போட்டது மட்டும் சரி! வாசனையில் என்னென்ன இருக்கிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அது கம்பெனி ரகசியம் மேம் என்றார். என் முகத்தில் வந்து உட்கார்ந்த பிறகு அது எப்படி அவர்கள் ரகசியம்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சன்ஸ்கிரீனை எல்லோரும் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒத்துக்கொள்கிறவர்கள் தாராளமாகப் பூசுங்கள். எனக்கே டாக்டர் வேறு வகை ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார். துத்தநாகத்தில் செய்தது, வாசனை இல்லாதது. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் சில நாள் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு ஏற்ற வேண்டுமாம். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இயற்கை வாசனை" என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். மல்லிகைத் தைலமும் சந்தனத் தைலமும்கூடச் சிலருக்குச் சேராது. முகம் தடித்தால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், தோல் டாக்டரிடம் போங்கள். ஆடி மாதமாக இருந்தால் அம்மாவிடமிருந்து குடத்தை வாங்கி ஒளித்துவையுங்கள்.

ரஃபி அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் அத்தர் போடுகிறவர். விஷயம் தெரிந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எனக்கு எட்டத்திலேயே நிற்கிறார். "நீ அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. பேச வேண்டியத போன்ல பேசு" என்கிறார். கூரையின் இரண்டு முனையிலும் நின்றுகொண்டு போனில் பேசிக்கொள்கிறோம்.

ரிப்போர்ட்டை மேனேஜர் மேசையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். "அப்போ வெயில் இல்லையா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

"இல்ல சார்."

திருமழிசை சைட் பொறுப்பில் என் பெயர் ஏறிவிட்டது. வேலை ஆரம்பிக்கும் முன் போட்ட கூட்டத்தில், ஆணோ பெண்ணோ, இன்ஜினியரோ சித்தாளோ, அத்தனை பேரும் முன் கேட்டில்தான் வர வேண்டும், அத்தனை பேருக்கும் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் தர வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். க்ரீம் கம்பெனி மீது நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது. டியூபையும் முதுகுப் படத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.

நாளைக்கு முதல் பேனல் மேலே ஏறுகிறது. அப்பா சட்டையை வாசனை இல்லாத சோப்பில் அலசிக் கொடியில் போட்டுவிட்டேன். நல்ல வெயில். சீக்கிரம் காய்ந்துவிடும்.